பதினஞ்சு வாட்ஸ் போதும் பாஸ்!

வேங்கிக்கால்ல இருந்து ஒரு தம்பி பேசினார். கலெக்டர் ஆபீஸ் பக்கம் வீடு. மொட்டை மாடியில திருவண்ணாமலை மலையைப் பார்த்துக்கிட்டே கிடார் பிராக்டீஸ். காலேஜ் கல்ச்சுரல்ஸுக்காக நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பிச்சாச்சு. சிக்கல் என்னன்னா, ஐயாகிட்ட இருக்கிறது 15 வாட்ஸ் ஆம்ப். டிரம்மர் ஸ்டிக்கைத் தூக்கினதும் இவர் வாசிக்கிறது இவருக்கே கேட்கலையாம். "அம்மா கம்மலை அடகு வெச்சுத் தர்றேன்னு சொல்றாங்க. 30 வாட்ஸ் வாங்கிடட்டுமாண்ணா?"

வேணாம் ராசா. முதல்ல கணக்கைக் கேளு.

15-ஐ 30 ஆக்கினா சத்தம் டபுள் ஆயிடும்னுதானே நினைக்கிறே? ஆகாது. வாட்ஸ் இரண்டு மடங்கானா கூடுறது வெறும் 3 டெசிபல். காதுக்கு அது 'கொஞ்சம் கூடின மாதிரி இருக்கே' அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தமா கேட்கணும்னா சுமார் 10 டெசிபல் வேணும். அதாவது 150 வாட்ஸ்! கம்மலோட வளையலும் போயிடும். அந்த 3 டெசிபலுக்கு வேற வழியும் இருக்கு. 97 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கரைக் கழட்டிட்டு 100 உள்ளதை மாட்டினா, 15 வாட்ஸே 30 வாட்ஸ் மாதிரி பேசும். சைஸும் ஓம்ஸும் பொருந்தணும், அதை மறந்துடாதே.

இன்னொரு வில்லன், தூரம். திறந்தவெளியில தூரம் இரண்டு மடங்கானா 6 டெசிபல் போச்சு. ஒரு மீட்டர்ல கேட்ட சத்தம் 16 மீட்டர்ல 24 டெசிபல் குறைஞ்சிருக்கும். நான் செகண்ட் இயர்ல 10 வாட்ஸ் டப்பாவை கிரவுண்ட்ல வெச்சு, வால்யூமை முழுசா திருகி வாசிச்சவன். கரகரன்னு ஒரே இரைச்சல். இறங்கி வந்ததும் நண்பன் கேட்டான்: "நீ எப்ப மச்சி வாசிச்சே?"

மைக் வராத காலத்துல நாடக மேடையில எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் கடைசி வரிசை வரைக்கும் தொண்டையாலதான் எட்டணும். மைக் வந்ததும் அந்த வேலை ஸ்பீக்கருக்குப் போயிடுச்சு. கிடார்லயும் அதே கதைதான். 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்துக்கு பீட்டில்ஸ் 100 வாட்ஸ் வாக்ஸ் ஆம்போட போனாங்க. 55,000 பேருக்கு மேல கூட்டம். அந்த அலறல்ல அவங்க வாசிச்சது அவங்களுக்கே கேட்கலை! ஆனா 1970-ல் எரிக் கிளாப்டன் 'லைலா' ஆல்பத்துக்கு ஸ்டூடியோவுல வாசிச்சது ஃபெண்டர் சாம்ப்ல. ஐந்து வாட்ஸ் சுண்டைக்காய். முன்னாடி ஒரு மைக் இருந்துச்சு, அவ்வளவுதான்.

ஆக, உன் ஆம்போட வேலை டோன் கொடுக்கிறது. ஊருக்குக் கேட்க வைக்கிறது மைக் செட் அண்ணனோட வேலை. ஷூர் எஸ்எம்57 இருந்தா ராஜயோகம். இல்லைன்னா பாடுற மைக்கே போதும். ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தள்ளி வை. நடு மையத்துல வெச்சா காது கூசும். கொஞ்சம் ஓரமா நகர்த்திப் பாரு. குட்டி ஸ்டாண்ட் இல்லையா? வயரை ஆம்ப் மேல போட்டு மைக்கைத் தொங்கவிட்டு டேப் ஒட்டிடு. ஹெட்போன் ஓட்டையில இருந்து மிக்ஸருக்கு வயர் இழுக்கிற குறுக்கு வழியில ஸ்பீக்கரோட குணமே வராது, வண்டு முரல்ற மாதிரி இருக்கும். ஆம்போட ஸ்பீக்கர் அவுட்டை மட்டும் மிக்ஸர்ல செருகிடாதே. புகைச்சல்தான் மிஞ்சும்.

மேடையில உனக்குக் கேட்கணுமே? ஆம்பைத் தரையில வெச்சா சத்தம் முழங்காலுக்குத்தான் போகும். முழங்காலுக்கு ஏது காது? நாற்காலி மேல ஏத்தி, லேசா பின்னால சாய்ச்சு, உன் தலையைப் பார்க்கிற மாதிரி வை. தனியா வாசிக்கிறப்போ பாஸும் டிரெபிளும் ஏத்தி மிட்டைக் குறைச்சா அமர்க்களமாத்தான் இருக்கும். பேண்டுக்குள்ள போனதும் பாஸை பாஸ் கிடார் தின்னுடும், டிரெபிளை சிம்பல் தின்னுடும். உனக்கு மிச்சம் இருக்கிறது மிட் மட்டும்தான். அதை ஏத்து. டிஸ்டார்ஷனைப் பாதியாக் குறை. கீபோர்டுக்காரர்கிட்ட இடது கைக்குக் கொஞ்சம் லீவு கேளு (தரமாட்டார், இருந்தாலும் கேளு). டிரம்மருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து மெதுவா அடிக்கச் சொல்லு.

மொட்டை மாடி பிராக்டீஸ் ராத்திரி பத்து மணிக்குள்ள முடியட்டும். 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில பத்துக்கு மேல வரம்பு 45 டெசிபல்தான். பக்கத்து வீட்டு மாமா அதுக்கு முன்னாடியே வந்துடுவார்.

கம்மல் அம்மா காதுலயே இருக்கட்டும். சனிக்கிழமைதானே புரோகிராம்? வியாழக்கிழமையே மைக் செட் அண்ணனைப் பார்த்து, "கிடாருக்கு ஒரு மைக் தனியா வேணும்ணா"ன்னு சொல்லி வெச்சிடு. அன்னிக்குக் காலையில போய்க் கேட்டா, இருக்கிற நாலு மைக்கும் பாடுறவங்க கையில இருக்கும்.