திருப்பதிக்கு ஒரு நிலையான வாத்தியக்குழு வேண்டும்

மேற்கத்திய இசையில் ‘சேம்பர் ஆர்கெஸ்ட்ரா’ என்று சொல்லப்படும் சிறு வாத்தியக்குழுவின் வரலாற்றைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இசையமைப்பாளர்களின் பெயர்களையே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த வரலாற்றைத் தாங்கி நின்ற சம்பளப் பட்டியலை யாரும் கவனிப்பதில்லை. 1761-ல் எஸ்டர்ஹாசி பிரபுக் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்த ஹைடன், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர்களிடமே பணியாற்றினார். தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த குழு பதினைந்து பேர் அளவில்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எப்போதும் கூடவே இருந்தார்கள். எழுதியதை உடனே வாசிக்கவைத்துக் கேட்கலாம். பிடிக்காததை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம். எந்த வாத்தியக்காரருக்கு எது கைவரும் என்று தெரிந்து அதற்கேற்ப அமைக்கலாம். சிம்பொனி என்ற வடிவம் அவர் கையில் முதிர்ந்ததற்கு மேதைமை ஒரு காரணம் என்றால், கலையாத ஒரு குழு இன்னொரு காரணம்.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று கோயில்தோறும் இருந்த பெரிய மேளம், மானியத்தில் வாழ்ந்த ஒரு சிறு வாத்தியக்குழுதான். காலை பூஜைக்கு ஒரு ராகம், புறப்பாட்டுக்கு மல்லாரி என்று நாள்தோறும் சேர்ந்து வாசித்தே அந்தக் கலை அவ்வளவு உயரம் போனது. கச்சேரி மேடை வந்த பிறகு இந்தக் கூட்டு வாழ்க்கை சுருங்கிவிட்டது. இன்று பாடகரும் பக்கவாத்தியக்காரர்களும் பல நாள் மேடையில்தான் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அந்த உடனடித்தன்மையில் ஓர் அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக வாசித்தால் என்ன பிறக்கும் என்ற கேள்விக்கு நம் இசையுலகம் இன்னும் முழுமையாகப் பதில் தேடவில்லை.

அந்தப் பதிலைத் தேடத் தகுந்த ஊர் திருப்பதி. 1959-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி அங்கே இருக்கிறது. வீணை, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், கடம் எல்லாம் அங்கே கற்பிக்கப்படுகின்றன. தவிலை டோலு என்று சொல்லும் அந்த ஊரில் நாகஸ்வரத்துக்கும் டோலுவுக்கும் தனிப் பள்ளியையே திருமலை திருப்பதி தேவஸ்தானம் நடத்துகிறது. அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, 1954-ல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் சீடர். நாயனா பிள்ளையின் கச்சேரிக்கு ‘ஃபுல் பெஞ்ச்’ என்று பெயர். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். லயத்தை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றாமல் பலருக்குப் பகிர்ந்து கொடுத்த அந்த மரபு, சித்தூர்க்காரர் ஒருவர் வழியாகத் திருப்பதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கல்லூரியில் கற்றுத் தேறும் பிள்ளைகள் அடுத்து எங்கே சேர்ந்து வாசிப்பார்கள் என்று கேட்டால், ஊரிலேயே ஒரு பதில் இருக்க வேண்டும். தேவஸ்தானம் பதினைந்து பேர் கொண்ட, மாதச் சம்பளம் பெறும் ஒரு நிலையான வாத்தியக்குழுவைக் கல்லூரியை ஒட்டி அமைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

‘நம் சங்கீதம் கமகத்திலும் மனோதர்மத்திலும் நிற்பது, பல பேர் சேர்ந்தால் இரண்டும் போய்விடும்’ என்பார்கள். இது கனமான ஆட்சேபம். இருபது வயலின்கள் ஒரே தோடியை ஒரே அசைவோடு வாசிக்க முயன்றால் கமகம் மழுங்கத்தான் செய்யும். சிறு குழு வேண்டும் என்பதற்கே அதுதான் காரணம். 1966-ல் லால்குடி ஜெயராமன், என். ரமணி, ஆர். வெங்கட்ராமன் மூவரும் வயலின், வேணு, வீணை சேர்த்து வாசித்தபோது ராகம் குறைபடவில்லை. ஒவ்வொரு வாத்தியத்தின் குரலும் தனித்தே கேட்டது. 1993-ல் வி.எஸ். நரசிம்மன் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் இன்னும் ஒரு படி போனது. முதல் வயலின் கீர்த்தனையை அதன் அசைவுகளோடு வாசிக்கும். மற்ற மூன்று வாத்தியங்களும் அதற்கு இடம்விட்டுத் தாங்கும். அகில இந்திய வானொலி 1952-ல் அமைத்த வாத்ய விருந்தாவில் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும், பின்னாளில் ஈமனி சங்கர சாஸ்திரியும் வேறு வழிகளைத் தேடினார்கள். எல்லா முயற்சியும் சம அளவில் வென்றதாகச் சொல்ல மாட்டேன். வழி இருக்கிறது என்பதற்கு இவை போதும்.

‘இது அந்நியச் சரக்கு’ என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் எடுத்த வயலின் இன்று இல்லாத கச்சேரி ஏது? அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதரே ஆங்கில பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்யம் அமைத்தவர்.

‘நாகஸ்வரக் கலைஞர்களே வறுமையில் இருக்கும்போது புதுக் குழு எதற்கு?’ என்ற கேள்விதான் மனத்தைத் தைக்கிறது. கோயில் மேளத்துக்குப் போகும் ஒரு ரூபாயைக்கூட இதற்காக வெட்டக் கூடாது. குழுவிலேயே அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும். திறந்தவெளிக்கென்று பிறந்த நாகஸ்வரம் வீணையின் பக்கத்தில் உட்கார்ந்தால் வீணை கேட்காது என்பது உண்மை. ஆனால் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாகஸ்வரத்தைக் கொண்டுவந்து சுருதியைத் தாழ்த்தினார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். மண்டபத்துக்குள் அந்த வாத்தியம் எப்படிப் பேச வேண்டும் என்று யோசித்தவர் அவர். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர, தினமும் சோதித்துப் பார்க்கும் குழு ஒன்று தேவை.

பணமும் பொறுமையும் இருந்தால் தேவஸ்தானத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அன்னமாச்சாரியாரே சாட்சி. நூற்றாண்டுகளாகச் செப்பேடுகளில் கிடந்த அவருடைய பாடல்களுக்கு ராகப் பெயர்கள் இருந்தன, மெட்டு இல்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்றவர்கள் மெட்டமைத்தார்கள், 1978-ல் அன்னமாச்சாரியா திட்டம் தொடங்கியது, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போயின. இன்று அவர் கீர்த்தனை கேட்காத தென்னிந்திய வீடு அரிது. மறைந்துபோன ஒரு வாக்கேயக்காரரை ஒரு நிறுவனம் மறுபடி மக்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. பதினைந்து சம்பளங்கள் அதைவிடச் சிறிய காரியம்.

யார் கேட்பார்கள் என்ற கவலை வேறு ஊர்களுக்கு இருக்கலாம். திருமலைக் கோயிலுக்கு எதிரே நாதநீராஜனம் மேடை இருக்கிறது; தரிசனம் முடித்தவர்கள் அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். கீழே மஹதி அரங்கம் இருக்கிறது. சித்தூரில், பாடி நடித்த நாகையா பெயரிலேயே கலாக்ஷேத்திரம் இருக்கிறது. குழு அமைந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் அதை மேடையேற்ற அவசரப்படக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு தினமும் காலை மூன்று மணி நேரம் வாசிக்கட்டும். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குப் பழகட்டும். அந்தக் காலத்துக்கும் சேர்த்தே நிதி ஒதுக்க வேண்டும்.