வெண்மணிக்கு வெறுங்கையோடு வராதீர்கள்



டிசம்பர் 25 நெருங்கிவிட்டது. வேன் பேசியாகிவிட்டது, கொடி தைக்கக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் கீழவெண்மணி நினைவிடத்தின் முன் முஷ்டியை உயர்த்தும் முன்னால் ஒவ்வொரு கிளையும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த ஆண்டு நம் ஊரில் சாதியை எதிர்த்து என்ன செய்தோம்?

கூலி உயர்வுக்கு முழங்குகிறோம். தலித்துகளின் சுடுகாட்டுப் பாதையை யாராவது மறித்தால் மட்டும், "இப்போது எடுத்தால் விவசாயிகள் ஒற்றுமை உடையும், பிறகு பார்க்கலாம்" என்கிறோம். எந்த ஒற்றுமை, தோழர்களே? பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப் போகிறவர்களின் வாயை அடைத்துக் காப்பாற்றுகிற ஒற்றுமை நமக்கு எதற்கு?

நம் இயக்கம் இப்படிப் பிறக்கவில்லை. 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத் தஞ்சைக்கு வந்தபோது பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனை. முதலில் கூலி, மானம் பிறகு என்று அவர் வரிசை போடவில்லை. சேரியில் தங்கி, சேரியில் உண்டு, அங்கேயே சங்கம் கட்டினார். நெல்லுக்கான கோரிக்கையும் சவுக்குக்கு எதிரான கோரிக்கையும் ஒரே கொடியின் கீழ் எழுந்தன. அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தில்தான் 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

1968-ல் வெண்மணித் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் அதிகம். செய்ய மறுத்தது, செங்கொடியை இறக்குவது. அதற்காக அந்த டிசம்பர் 25 அன்று மிராசுதார் தரப்பினர் 44 உயிர்களை ஒரே குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்; அனைவரும் தலித்துகள். அரைப்படி நெல்லால் எந்த மிராசுதாரும் ஏழையாகிவிட மாட்டான். கைகட்டி நின்றவன் நிமிர்ந்து பேரம் பேசினானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்கிழார்கள் நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்று ஐயப்பட்ட உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அந்த ஐயத்தில் வர்க்கம் எங்கே முடிகிறது, சாதி எங்கே தொடங்குகிறது? பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்!

நினைவு நாளை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதற்குப் பிரேசிலைப் பாருங்கள். 1996 ஏப்ரல் 17 அன்று எல்டோராடோ டோஸ் கராஜாஸில், நிலம் கேட்டு ஊர்வலம் போன 19 பேரைக் காவல்துறை கொன்றது. அங்கே நிலமற்றோர் இயக்கம் ஏப்ரல் மாதம் வந்தால் அஞ்சலியோடு நிற்பதில்லை. தரிசாகக் கிடக்கும் பெரும்பண்ணைகளில் இறங்கிக் கூடாரம் போடுகிறது. நினைவு நாள் அவர்களுக்குப் போராட்ட நாள்.

நமக்கும் அப்படியே ஆகட்டும். இந்த வாரமே கிளையைக் கூட்டுங்கள். கூட்டத்தைத் தலித் தெருவில் போடுங்கள். ஊர்த்தெருத் தோழர்கள் அங்கே வந்து தரையில் உட்காரட்டும். பெண்களைப் பேசவிடுங்கள், நடவுக் கூலி ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். யாருக்கு மனைப்பட்டா இல்லை, எந்த டீக்கடையில் தனிக் குவளை, எந்தக் கோயில் வாசல் அடைத்திருக்கிறது, பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். வருவாய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள், நம் உறுப்பினர்கள் சிலரும் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அவர்களோடு நேருக்கு நேர் வாதாடுங்கள்.

அந்தப் பட்டியலோடு வெண்மணிக்கு வாருங்கள். ஜனவரியில் தாலுகா அலுவலகங்களை முற்றுகையிடும் தேதியை அங்கேயே முடிவு செய்வோம். பட்டியல் எடுக்காத கிளை, வேன் ஏறும் முன்பு தலித் தெருவுக்குப் போய்விட்டு வரட்டும்.