தோல்விக்கும் கணக்குப் பார்க்க வேண்டும்



வாக்கு எண்ணி முடிந்த மறுநாள் நம் ஆரணிக் கடைத்தெரு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஒரு கடையில் லட்டு கொடுப்பார்கள். அடுத்த கடையில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். "காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டுவிட்டார்கள்", "ஜனங்களுக்கு நன்றியே இல்லை" என்று பேச்சு கிளம்பும். கொஞ்சம் சூடு ஏறிவிட்டால், சேலை அறுத்துக் கூலி வாங்கியதும் பாக்கியைக் கட்டிவிடும் நெசவாளியிடம், "நீங்கள் ஜெயிக்க வைத்தவரிடமே போய்க் கடன் கேளுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையில் பல வருட வாடிக்கை போய்விடுகிறது.

நாம் விரும்பியவர் தோற்றால் வருத்தம் இருக்கத்தான் செய்யும். அது தவறல்ல. அந்த வருத்தத்தை வாடிக்கையாளர் மீது கொட்டுவதுதான் தவறு.

சொந்த ஊரிலேயே தோற்ற இரண்டு பெருந்தலைவர்களை இங்கே நினைத்துப் பார்ப்போம். நம் ஊரைப் போலவே தறிச் சத்தம் கேட்கும் காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. 1962 தேர்தலில் அவருடைய கட்சி 50 இடங்களில் வென்றது; ஆனால் அவர் காஞ்சிபுரத்தில் காங்கிரஸ் வேட்பாளர் நடேச முதலியாரிடம் தோற்றார். அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. அதே ஆண்டு மாநிலங்களவைக்குச் சென்றார். 1967 மார்ச்சில் முதலமைச்சரானார்.

அந்த 1967 தேர்தலில் தோற்றவர் பெருந்தலைவர் காமராஜர். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தவர். மதிய உணவு தந்தவர். பருப்புக்கும் எண்ணெய்க்கும் வத்தலுக்கும் பெயர்போன விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அவரும் வீட்டில் முடங்கிவிடவில்லை. 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று வென்றார்.

ஏன் அந்தத் தோல்வி? 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஒரு காரணம். எதிர்க்கட்சிகள் கூட்டணியாக நின்றது இன்னொரு காரணம். மூன்றாவது, நமக்கு நெருக்கமான காரணம்: அரிசி. தட்டுப்பாடும் விலையேற்றமும் அடுப்படி வரை வந்திருந்தன. ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி அதனால்தான் எடுபட்டது.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். அரிசி விலை கேட்டுவிட்டு, பையை மடித்துக்கொண்டு திரும்பிப் போகும் தாயின் முகத்தை முதலில் பார்ப்பவர் யார்? கட்சித் தலைவரா, அதிகாரியா? மளிகைக் கடைக்காரர்தானே! ஊரின் மனக்குறை முதலில் வந்து சேரும் இடம் நம் கல்லாப்பெட்டிதான். அப்படியிருந்தும் ஒரு தேர்தல் முடிவு நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறதென்றால், ஜனங்கள் மாறிவிட்டார்கள் என்று மட்டும் பொருளல்ல. நாம் அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை; நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றும் பொருள். ஒரு வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விட்டால், நல்ல வியாபாரி அவரைத் திட்டுவதில்லை. எடை குறைந்ததா, சரக்கு மட்டமா, பேச்சு கடுமையா என்று தன் கடையைத்தான் பார்க்கிறார். அந்தப் புத்தி தேர்தலிலும் வேண்டும்.

போனவர் திரும்பி வருவதும் உண்டு. நம் ஆரணியையே பாருங்கள். மக்களவைத் தொகுதியில் 2019இல் காங்கிரஸ் வென்றது. 2021இல் மாநிலத்தில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது, ஆரணி சட்டமன்றத் தொகுதி அ.தி.மு.க.வைத் தேர்ந்தெடுத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. வென்றது. இவற்றில் எல்லாம் ஓட்டுப் போட்டவர்களில் நம் கடையில் புளியும் மிளகாயும் வாங்குகிற ஜனங்களும் உண்டு. ஒரு முறை நம்மோடு ஒத்தார்கள், மறுமுறை ஒக்கவில்லை. முதலில் அறிவாளிகளாக இருந்தவர்கள் அடுத்த முறை ஏமாளிகள் ஆகிவிடுவார்களா?

நம் குறையையும் சொல்லிவிடுவோம். முன்பொரு தேர்தலில் வென்றவரைப் பார்க்க வரமாட்டோம் என்று நம்மில் சிலர் பிடிவாதம் பிடித்தோம். கடைத்தெருச் சாக்கடை பற்றிய மனு மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தது. மழை வந்தது. சாக்கடைத் தண்ணீர் கட்சி பார்த்துக் கடைக்குள் நுழையவில்லை. எல்லோருடைய மூட்டைகளும்தான் நனைந்தன.

ஆகவே, முடிவு எதுவானாலும் வென்றவரைச் சங்கத்தின் சார்பில் முதல் வாரத்திலேயே பார்ப்போம். அது அடிபணிவதல்ல, அவர் இப்போது நமக்கும் பிரதிநிதி. தோற்றவரையும் போய்ப் பார்ப்போம். அவர் நாளை நமக்குத் தேவைப்படுவார் என்பதற்காக அல்ல, நேற்று நமக்காக அலைந்தார் என்பதற்காக. கடைக்குள் கட்சிப் பேச்சில் எவரையும் புண்படுத்த வேண்டாம். கணக்கு நோட்டில் கட்சிக் கொடிக்கு இடமில்லை.

திறந்த மனது என்றால் வாயை மூடிக்கொள்வதல்ல. மூன்று படி என்ற வாக்குறுதி, ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படியாகச் சென்னையிலும் கோவையிலும்தான் தொடங்கியது. வென்றவர் சொன்னதைக் குறித்து வைப்போம். செய்தால் பாராட்டுவோம், செய்யாவிட்டால் கேட்போம். நாம் விரும்பியவர் வென்றிருந்தாலும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

முடிவு வந்த மறுநாளும் கடையை வழக்கம்போல் நேரத்துக்குத் திறப்போம். முதலில் வருகிறவர் யாருக்கு ஓட்டுப் போட்டிருந்தாலும், "வாங்க" என்று சொல்லி, எடை குறையாமல் போட்டுக் கொடுப்போம். அவர் பேசினால், இந்த முறை காது கொடுத்துக் கேட்போம்.