பாதி வழியில் இறக்கி விடலாமா?

ஒரகடத்தில் எங்கள் வீட்டு மாடியில் கம்பெனி வேலைக்குப் போகும் நான்கு பெண்கள் குடியிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி திறந்த பிறகும், இந்தப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் பெண்கள் நிறைய. அவர்களில் ஒருத்திக்கு நடந்ததை, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

நைட் ஷிப்ட், ஊரில் கல்யாண நெருக்கடி என்று பல மாதமாக அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை. சும்மா சும்மா அழுவாள். நான்தான் ஒரு கவுன்சலிங் அம்மாவிடம் அழைத்துப் போனேன். ஏழு வாரம் போனாள். நாள் ஆக ஆக, ராத்திரி பன்னிரண்டு மணிக்கெல்லாம் அவருக்குப் போன் செய்ய ஆரம்பித்தாள். எடுக்காவிட்டால் பத்து தடவை அடிப்பாள், மறுநாள் சண்டை போடுவாள். சொன்ன நாளில் போகவும் மாட்டாள்.

ஒருநாள் செல்போனில் ஒரு வரிச் செய்தி வந்தது: 'இனி என்னிடம் வர வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.' அதோடு சரி. இவள் நம்பரிலிருந்து போட்டால் லைன் போகவில்லை.

இரண்டு நாள் சாப்பிடவில்லை, வேலைக்கும் போகவில்லை. "காசு வாங்கிட்டுப் பேசறவங்களுக்கே நான் வேணாம்னா, வேற யாருக்குக்கா நான் வேணும்?" என்று அவள் கேட்டபோது எனக்கு ஈரக்குலையே நடுங்கியது.

முதலில் அந்த அம்மா மேல் கோபம்தான் வந்தது. ஆறப்போட்டு யோசித்தால், அவரும் குடும்பம் இருக்கிற பெண்தானே? தினமும் நடுராத்திரியில் போன் வந்தால் யாரால் தாங்க முடியும்? தன்னால் குணப்படுத்த முடியாது என்று தெரிந்த பிறகும் பீசுக்காக இழுத்தடிப்பதைவிட நிறுத்துவதே நேர்மை. அவர் நிறுத்தியது தப்பில்லை. நிறுத்திய விதம்தான் தப்பு.

டாக்டர்களுக்கு 2002-ல் வந்த நடத்தை விதிமுறைகளில், ஒரு நோயாளியை ஏற்றுக்கொண்ட பிறகு, அவருக்கும் குடும்பத்தாருக்கும் போதிய முன்னறிவிப்புத் தராமல் விலகக் கூடாது என்று இருக்கிறது. உடம்பைப் பார்ப்பவருக்கே இப்படி என்றால், மனசைத் திறக்கச் சொல்பவருக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும்?

எந்த நேரத்தில் போன் செய்யலாம் என்பதை முதல் நாளே சொல்லி விடலாம். விலகுவதாக இருந்தால் நேரில் உட்கார வைத்து, ஓரிரு முறை முன்கூட்டியே, பழி போடாமல் காரணம் சொல்லலாம். அடுத்து யாரிடம் போவது என்று பெயர் கொடுக்கலாம். அவசரத்துக்கு 14416 என்ற எண்ணைத் தரலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம். அடிக்க வருகிறார், மிரட்டுகிறார் என்றால் உடனே நிறுத்தலாம்; அப்போதும் இந்த எண்ணையாவது கொடுக்க வேண்டும். சாகப் போகிறேன் என்று சொல்பவரை மட்டும், வேறொருவர் கையில் ஒப்படைக்காமல் விடவே கூடாது.

ஒன்று சொல்ல வேண்டும். நான் போன் செய்து கேட்டபோது, அந்த அம்மா இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது ரொம்பச் சரி. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டமும் ரகசியம் காக்கத்தான் சொல்கிறது.

நம் பக்கமும் தப்பு உண்டு. பிடிக்கவில்லை என்றால் நாமும் சொல்லாமல் கொள்ளாமல் நின்று விடுகிறோம். "மேடம், இது எனக்குச் சரிப்பட்டு வரல" என்று முகத்துக்கு நேரே சொல்ல என்ன கூச்சம்? மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் தாங்களாகவே நிறுத்தி விடாதீர்கள்.

பிறகு அவளை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சில மாதம் கழித்து அங்கிருந்த டாக்டரம்மாவுக்கும் மாற்றல் வந்தது. மூன்று வாரம் முன்பே சொல்லி, "உன்னைப் பத்தி அடுத்த டாக்டர்கிட்ட எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேணாம்?" என்று இவளையே கேட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதாள். ஆனால் சாப்பிட்டாள், ராத்திரி ஷிப்டுக்கும் கிளம்பிப் போனாள்.

அதே பெண்தான், இதுவும் பிரிவுதான். கவுன்சலிங் தருபவர்கள் கொஞ்சம் யோசிப்பார்களா?

— ஒரு வாசகி, ஒரகடம்.