விலையுள்ளதற்குத் தடை, விலையற்றதற்கு வழி

ஊட்டி காந்தலில் ஒரு பெட்டிக்கடைக்காரர் குடிநீர் பாட்டில் விற்றால் அபராதம். அதே கடை வாசலில் ஷாம்பு, காபித்தூள், சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கினால் யாரும் கேட்பதில்லை. மாநிலத்துக்கே முன்னோடியாகப் பிளாஸ்டிக் பைகளை விரட்டிய நீலகிரி, 2019-ல் தண்ணீர் பாட்டிலையும் தடுத்தது. மாற்றாகத் தண்ணீர் ஏடிஎம்கள் வந்தன. ஆனால் காலி பாட்டிலைப் பழைய பொருள் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார், சிப்ஸ் உறையைத் தொடமாட்டார். அந்த உறையில் இரண்டு மூன்று பிளாஸ்டிக் படலங்கள், அச்சு மை, ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பிரித்தெடுக்கும் கூலிக்கே அது கட்டாது. விலை போகும் பொருளைத் தடுத்துவிட்டு, விலை போகாததைத் தீட்டுக்கல் குப்பைக் கிடங்கு வரை வழியனுப்பி வைக்கிறோம்.

பாட்டில் தடையே தவறு என்பதல்ல வாதம். காருக்கு வெளியே பள்ளத்தில் வீசிய பாட்டிலை எந்த வியாபாரியும் இறங்கிப் பொறுக்கப் போவதில்லை. அந்த அளவில் தடை சரி. பெட்ரோ ரசாயனமே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. கொய்மலர்ப் பசுமைக்குடிலின் பாலித்தீன் கூரையும், கம்பளி என்ற பெயரில் விற்கும் அக்ரிலிக் ஸ்வெட்டரும், கேரட்டுக்குப் போடும் யூரியாவும் எண்ணெய், எரிவாயுவின் பிள்ளைகளே. பானிபட்டிலும் ஹால்டியாவிலும் நாப்தாவை உடைத்து எத்திலீன் எடுக்கிறார்கள். பெட்ரோல் தேவை குறைந்தாலும் இந்தத் தேவை ஏறும் என்பதே எண்ணெய் உலகின் நம்பிக்கை. 2018-ல் சர்வதேச எரிசக்தி முகமையும், 2050 வரையிலான எண்ணெய்த் தேவை உயர்வில் ஏறத்தாழ பாதி பெட்ரோ ரசாயனத்தால் வரும் என்றது. பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு கேட்ட நாடுகளும் மறுத்த எண்ணெய் நாடுகளும் 2025 ஆகஸ்ட்டில் ஜெனீவாவில் நடந்த பிளாஸ்டிக் ஒப்பந்தப் பேச்சில் உடன்பாடில்லாமலே கலைந்தன. அந்த வரம்பு வரும்வரை ஒரு மலை மாவட்டம் காத்திருக்க வேண்டியதில்லை.

கைக்கெட்டும் வழிக்கு இங்கேயே சான்று உண்டு. உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022-ல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலுக்குத் திருப்பித் தந்தார்கள். பெரும்பாலான பாட்டில்கள் திரும்பின. (குடிமகனுக்கு உபதேசம் செய்யாமலே நடந்தது இது.) கண்ணாடிக்குச் சரி, ஒரு ரூபாய் ஷாம்புக்கு எப்படி என்று கேட்கலாம். கடலூர் சின்னி கிருஷ்ணன் பழக்கிவிட்ட சாஷே ஏழைக்கும் ஷாம்பு தந்தது, அதன் தலையில் வரி ஏற்றுவதா என்பதும் நியாயமான கேள்வி. ஏற்றவேண்டியது வாங்குபவர் தலையில் அல்ல. உறையைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைச் சட்டம் ஏற்கெனவே நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. ஓட்டை இருப்பது கணக்கில்: 2022-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி நாட்டின் வேறொரு மூலையில் கழிவைக் கையாண்ட சான்றிதழை வாங்கிக் காட்டினாலே கடமை முடிந்துவிடுகிறது. ஊட்டியில் விற்ற உறைக்கு ஊட்டியிலேயே சேகரித்த கணக்கைக் கேட்டால், கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனமே விலை வைத்தாக வேண்டும். அப்படியொரு விலை வந்துவிட்டால் பழைய பொருள் கடைக்காரரும் அதைத் தராசில் வைப்பார்.