வயிறா, சாக்கா?



பல வருடங்களுக்கு முன், நான் ஓதிக்கொடுத்த ஓர் அரபுக் கல்லூரியில், விடுதிப் பிள்ளைகளின் சாப்பாட்டு நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையொருவன், கொஞ்சம் கனத்த உடம்புக்காரன், ஒருநாள் மூன்றாம் தடவையும் பீங்கானை நீட்டிக்கொண்டு வந்து நின்றான். "உனக்கு இருப்பது வயிறா, சாக்கா?" என்று கேட்டுவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு அவன் இரண்டாம் தடவைகூடச் சோறு கேட்கவில்லை. பிள்ளையைத் திருத்திவிட்டேன் என்று எனக்குள் ஒரு திருப்தி. ஒரு மாதம் போயிருக்கும். நள்ளிரவில் குசினியில் சட்டி மூடியின் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். இருட்டில் நின்று, காய்ந்த பாண் துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாயில் இருந்ததையும் கையில் துப்பிவிட்டான்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பசியைப் பற்றி அறிந்தவர்களிடம் கேட்கவும், வாசிக்கவும் என்னைத் தூண்டியது அதுதான்.

சகோதரிகளே, நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டல்லவா? பருத்த மகளைப் பார்த்து, "வாயைக் கட்டு, நாளைக்கு உன்னை யார் பெண் கேட்டு வருவார்கள்?" என்கிறோம். மெலிந்த மகனின் வாயில் சோற்றைத் திணிக்கிறோம். பசி என்பது சொல்லுக்குக் கீழ்ப்படிகிற ஒன்று என்று நினைக்கிறோம். அது அப்படியல்ல.

பசி வயிற்றில் தெரிந்தாலும், அதை நடத்துவது மூளை. மூளையின் அடிப்பாகத்தில், ஒரு பாதாம் பருப்பின் அளவே உள்ள ஹைப்போதலமஸ் என்ற பகுதி இருக்கிறது. 1940இல் அமெரிக்காவில் ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர், எலிகளின் மூளையில் இந்தப் பகுதியின் ஓரிடத்தைச் சேதப்படுத்தினார்கள். அந்த எலிகள் அளவுக்கு மீறிப் பருத்தன. 1951இல் இந்தியரான பால் கிருஷ்ண ஆனந்தும், ப்ரோபெக் என்பவரும் அதே பகுதியின் பக்கவாட்டில் வேறோர் இடத்தைச் சேதப்படுத்தினார்கள். அந்த எலிகளோ, உணவு கண்முன்னே இருந்தும் தின்னாமல் செத்தன.  மாறியது மூளை மட்டுமே.

அங்கே இருப்பது ஓரிரு இடங்கள் அல்ல, பல நரம்புக் கூட்டங்கள் சேர்ந்த ஒரு வலை என்பது பின்னர் தெரியவந்தது. அதில் ஒரு கூட்டம் "தின்னு" என்கிறது. மற்றொன்று "போதும்" என்கிறது. 2011இல், "தின்னு" என்று சொல்லும் நரம்புகளை மெல்லிய இழை வழியாக ஒளி பாய்ச்சித் தூண்டினார்கள். வயிறு நிறைந்திருந்த எலி, சில நிமிடங்களில் பட்டினி கிடந்ததைப் போலத் தின்னத் தொடங்கியது.

இந்த நரம்புகளுக்குச் செய்தி கொண்டு போவது யார்? ஒன்று, நம் உடம்பிலுள்ள கொழுப்பு. கொழுப்பிலிருந்து வெளியாகும் லெப்டின் என்ற ஹோர்மோன், "சேமிப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று மூளைக்குச் சொல்கிறது. இதற்குரிய மரபணுவை 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழுவினர் கண்டுபிடித்தார்கள்.

மூன்று வருடங்களின் பின், 1997இல், இங்கிலாந்திலிருந்து வந்த செய்தி ஒவ்வொரு தாயும் கேட்கவேண்டியது. பாகிஸ்தான் வழிவந்த ஒரு குடும்பத்தில், நெருங்கிய உறவினரான இரண்டு பிள்ளைகள். எட்டு வயதுப் பெண்பிள்ளையின் எடை 86 கிலோ. இரண்டு வயது ஆண்பிள்ளையின் எடை 29 கிலோ. எவ்வளவு கொடுத்தாலும் பசி அடங்கவில்லை. கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் சோதித்தபோது, இரு பிள்ளைகளின் இரத்தத்திலும் லெப்டின் இல்லையென்றே சொல்லுமளவு குறைவாக இருந்தது. பிறவியிலேயே மரபணுவில் ஒரு சிறு பிழை. வயிறு நிறைந்திருந்தாலும் அவர்களின் மூளைக்குத் தெரிந்ததெல்லாம் பஞ்சம் ஒன்றுதான்.

அந்தப் பெண்பிள்ளைக்கு லெப்டின் ஊசி போட்டார்கள். பசி அடங்கியது. ஒரு வருடத்தில் 16 கிலோவுக்கு மேல் எடை குறைந்தது. எவரும் அவளை ஏசித் திருத்தவில்லை. அவளுடைய மூளைக்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

இது மிக அரிதான நோய். பருத்தவர்களில் பெரும்பாலோரிடம் லெப்டின் நிறையவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. ஆகவே இந்த ஊசி எல்லோருக்குமான மருந்தல்ல. ஆனால் அதிலுள்ள பாடம் எல்லோருக்குமானது.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் பட்டினி கிடந்து மெலியும் நம் பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். கொழுப்புக் கரையும்போது லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொண்டு பசியைக் கூட்டுகிறது. பத்து வாரத்தில் எடை குறைத்தவர்களை அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழிந்தும் அவர்களின் பசி ஹோர்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இழந்த எடை திரும்பி வந்தால் அது அந்தப் பிள்ளையின் மானக்கேடு அல்ல.

இன்னொரு தூதர் இரைப்பையிலிருந்து புறப்படுகிறது. கிரெலின் என்ற இந்த ஹோர்மோனை 1999இல் ஜப்பானியர் கண்டுபிடித்தனர். நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது இது உயர்கிறது, சாப்பிட்டபின் தாழ்கிறது. நோன்பின் முதல் நாட்களில் பகல் சாப்பாட்டு நேரத்தில் வயிறு இரைவதும், கொஞ்ச நேரம் பொறுத்தால் அந்தப் பசி தானாகத் தணிவதும் நாமெல்லாம் அனுபவித்ததுதானே! பசிக்கு நேரம் பழக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தூக்கமும் இதில் சேரும். 2004இல் சிக்காகோவில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். கிரெலின் 28 சதவீதம் கூடியது. லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இரவு வெகுநேரம் விழித்திருக்கும் பிள்ளை, மறுநாள் பகல் முழுதும் எதையாவது கொறிப்பது ஏனென்று இப்போது புரிகிறதா?

"அப்படியானால் மூளை கேட்பதையெல்லாம் தின்று கொண்டிருப்பதா?" என்று கேட்பீர்கள். இல்லை. பசி நம் கட்டளைக்கு வராவிட்டாலும், பசியைச் சுற்றியுள்ள பல காரியங்கள் நம் கையில் இருக்கின்றன. அதிலும் வீட்டுத் தலைவியான உங்கள் கையில். சாப்பாட்டை நேரத்துக்குக் கொடுங்கள். பிஸ்கட்டும் மிக்சரும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கவேண்டாம். பருப்பு, மீன், கீரை, மரக்கறி கூடி, வெள்ளைச் சோறு குறையட்டும். பிள்ளைகள் ஆறுதலாகச் சாப்பிடட்டும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரம் எடுக்கும். நேரத்தோடு தூங்க வையுங்கள். இவையெல்லாம் பருத்த பிள்ளைக்கு மட்டுமல்ல, முழு வீட்டுக்கும் ஒரே சட்டமாக இருக்கட்டும். ஒரு பிள்ளையை மட்டும் பிரித்து அளந்து போடாதீர்கள்.

கைக்குழந்தைப் பருவம் முதலே பசி அடங்காமல் எடை ஏறும் பிள்ளையையும், அதிகம் தின்றும் மெலிந்து, தாகமும் சிறுநீரும் மிகுந்திருக்கும் பிள்ளையையும் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள். பின்னது நீரிழிவின் அடையாளமாக இருக்கலாம்.

அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் பகல் சாப்பாட்டின்போது, அவன் கேட்குமுன் நானே போய் அவனுடைய பீங்கானில் இரண்டாம் தடவை சோறு போட்டேன். அவன் தலை நிமிரவில்லை. ஆனால் சாப்பிட்டான்.

உங்கள் பிள்ளை இன்றிரவு இன்னொரு கரண்டி சோறு கேட்டால், கொடுப்பதா இல்லையா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். எதைத் தீர்மானித்தாலும், அந்தப் பிள்ளை இருட்டில் ஒளிந்து தின்னும் நிலைக்கு உங்கள் நாவு காரணமாகிவிட வேண்டாம்.