சஹனில் ஓர் ஆறு

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸருக்குப் பின் மதரஸாவில் பிள்ளைகள் தங்கள் பள்ளிப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தனர். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம், "பீடபூமி என்றால் என்ன?" என்று கேட்டேன். "சுற்றியுள்ள நிலத்தினும் உயர்ந்து, மேற்பரப்பு ஏறத்தாழச் சமமாக அமைந்த நிலம்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான்.

"அது எங்கே இருக்கிறது?"

"தக்காணம், ஹஜ்ரத்."

"நீ பார்த்திருக்கிறாயா?"

தலை குனிந்தான். அவன் வீடோ கடலூரில் கேப்பர் மலையடியில்!

அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் கலைப்பட்டம் பெற்றவன்தான். உஹது மலையைப் பற்றியும் மினாப் பள்ளத்தாக்கைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுபவன். ஆயினும் நாள்தோறும் மிதிக்கும் செம்மண்ணைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

கேப்பர் மலை என்பது பெயரளவில்தான் மலை. உண்மையில் அது செம்மண்ணும் மணற்கல்லும் கொண்ட தாழ்ந்த மேட்டு நிலம். இவ்வகைப் பாறைக்கு நிலவியலார் 'கடலூர் மணற்கல்' என்றே நம் ஊர்ப் பெயரைச் சூட்டியுள்ளனர். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, பண்டைக் காடுகள் மண்ணில் புதையுண்டு உண்டானது. திருவக்கரையில் பெருமரங்கள் கல்லாகிக் கிடப்பதும் இந்த மணற்கல் அடுக்கில்தான். ஆண்டுக் கணக்கு கோடிகளில் செல்லும். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டனர்.

மறுநாள் விருந்துச் சஹன் ஒன்றைக் கொண்டுவரச் செய்தேன். ஒரு பக்கம் ஈர மணலைக் குவித்தோம். மறுபக்கம் சிறிது நீரைத் தேக்கினோம். கெண்டியால் மேட்டின்மீது மெல்ல ஊற்ற, நீர் தானே வழி தேடி மணலை அரித்து வளைந்து ஓடியது. தேங்கிய நீரைத் தொட்டதும் வேகமிழந்து, சுமந்து வந்த மணலை விசிறிபோல் பரப்பியது. "ஹஜ்ரத், கொள்ளிடம் கடலில் சேருமிடம் இப்படித்தானா?" என்றாள் ஒரு சிறுமி. வேகமாக ஊற்றியபோது கரை உடைந்து, ஊரென்று வைத்திருந்த தீப்பெட்டி சரிந்தது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் தங்கள் வீட்டுக்குள் நீர் புகுந்ததை அத்தா சொன்னதாக இருவர் கூறினர். (சஹனை நன்கு தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தாய்மார்கள் சினம் கொள்ள வேண்டா.)

அடுத்து, சிதம்பரம் வழியே பிச்சாவரம் செல்ல விரும்பினோம். "ஓத அனுப்பினோமா, படகில் உல்லாசம் போக அனுப்பினோமா?" என்று ஒரு தந்தை வினவினார். நியாயமான கேள்விதான். நான் அவரிடம் 2004 டிசம்பர் 26ஐ நினைவூட்டினேன். அன்று ஆழிப்பேரலையில் நம் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேரளவில் மாண்டனர். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி கடல்நீர் விபரீதமாக நுரைப்பதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் பூகோள வகுப்பில் கேட்டது நினைவுக்கு வர, பெற்றோரிடம் கூச்சலிட்டாள். கடற்கரை காலியாயிற்று, நூறு பேரளவில் உயிர் தப்பினர். இதைக் கேட்ட அத்தந்தை, தாமும் எங்களுடன் வந்துவிட்டார்.

பிச்சாவரத்தில் சுரபுன்னை மரங்கள் கால் ஊன்றியதுபோல் வேர்களை நீருக்குள் இறக்கி நிற்கின்றன. வெண்கண்டல் மரமோ சேற்றிலிருந்து வேர் நுனிகளை மேலே நீட்டிச் சுவாசிக்கிறது. ஆழிப்பேரலையின்போது இக்காட்டின் பின்னே இருந்த சிற்றூர்களில் சேதம் குறைவு. வெட்டவெளி மணல்திட்டிலிருந்த எம்.ஜி.ஆர். திட்டோ பேரழிவுக்குள்ளாயிற்று. ஓரிடத்தில் படகோட்டி ஒரு மரத்தைச் சுட்டி, "கிளையைத் தொடாதீங்க தம்பி, பால் கண்ணில் பட்டால் ஆபத்து" என்றார். அதுவே தில்லை மரம். சிதம்பரத்திற்குப் பழம்பெயர் தந்த மரம் உவர்நீர்க் கழியில் வளர்வது என்பதை நானும் அன்றுதான் நேரில் உணர்ந்தேன்.

திரும்பும் வழியில் பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்தது. தக்காணம் என்று ஒப்பித்த அச்சிறுவன் சன்னலில் முகம் பதித்து, "இந்த ஆறு எந்த மேட்டிலிருந்து மணலைக் கொண்டுவருகிறது, ஹஜ்ரத்?" என்று கேட்டான்.

"சேலத்துப் பக்கத்து மலைகளிலிருந்து."

"அங்கேயும் போவோமா?"

எதிர் இருக்கையில் அமர்ந்திருந்த, முன்பு மறுப்புச் சொன்ன அவன் அத்தாவைக் காட்டினேன்.

"அவரிடமே கேள்."